13 ஆண்டு நிறைந்த நாளா, தடை நீங்கிய நாளா?

கெடிலக்கரையான், கடலூர்

'பழைய தலைமை எழுத்தர்' என்ற பெயரில் இங்கே எழுதும் பெரியவர் நேற்று ஒரு தீர்ப்பையே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பதவி உயர்வு ஆணையில் தேதி தவறாக இருந்தால், சின்னம் அணிவதற்கு முன்பே அதிகாரி எழுத்து மூலம் மறுத்திருக்க வேண்டுமாம். நட்சத்திரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்ட பிறகு தேதியைத் திருத்தக் கேட்பது, பந்தியில் உண்டு எழுந்தபின் சமையலில் குறை சொல்வது போலாம். அவர் பேசுவது தரைப்படை அதிகாரியான என் தம்பியைப் பற்றி என்பதால் இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அஜய் விக்ரம் சிங் குழுவின் பரிந்துரைப்படி 2004 டிசம்பர் 16 முதல் நடப்புக்கு வந்த ஏற்பாட்டில், தரைப்படை அதிகாரி ஒருவர் 2 ஆண்டுப் பணியில் கேப்டன், 6 ஆண்டில் மேஜர், 13 ஆண்டில் லெப்டினன்ட் கர்னல் ஆகிறார். இதில் காலியிடம் என்ற பேச்சே இல்லை. உரிய தேர்வுகளில் தேறி, பணிக்காலம் நிறைந்தால் போதும். என் தம்பிக்கு 13 ஆண்டு நிறையும் வேளையில், அவர் பணியாற்றிய பிரிவில் கணக்கு தொடர்பான ஒரு விசாரணை நடந்தது. அதில் அவர் பெயரும் சேர்ந்ததால் 'டி.வி. தடை' என்று படையில் சொல்லும், பதவி உயர்வை நிறுத்திவைக்கும் ஒழுங்கு, கண்காணிப்புத் தடை விழுந்தது. விசாரணை முடிந்தபோது அவர்மேல் குற்றம் ஏதும் இல்லை என்று எழுதித் தடையை நீக்கினார்கள். ஆனால் பதவி உயர்வைத் தடை நீங்கிய நாளிலிருந்து கொடுத்தார்கள். அந்த ஆணையின் இணைப்புத் தாளை நான் கையில் வைத்துப் பார்த்தேன். அவருடன் ஒரே நாளில் அதிகாரியாக நியமனம் பெற்ற தோழர்களின் பெயர்களுக்கு நேரே ஒரே தேதி வரிசையாக நிற்கிறது. என் தம்பியின் பெயருக்கு நேரே மட்டும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிந்திய தேதி. குற்றமற்றவர் என்று எழுதிய கையாலேயே தண்டனையையும் எழுதியிருக்கிறார்கள். இதைத் திருத்தக் கேட்பதில் என்ன தவறு என்று பெரியவர் விளக்கட்டும்.

பழைய தலைமை எழுத்தர், நெல்லிக்குப்பம்

தம்பி, உங்கள் உடன்பிறந்தவரை நான் குறை சொல்லவில்லை, நடைமுறையைச் சொன்னேன். படைப்பிரிவு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தே தலை நரைத்தவன் நான். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தமக்கு அநீதி நேர்ந்ததாகக் கருதும் அதிகாரி முதலில் தம் கட்டளை அதிகாரியிடம் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும், அங்கே நிவாரணம் கிடைக்காவிட்டால் மத்திய அரசிடம் முறையிடலாம் என்கிறது. அந்த விண்ணப்பம் எங்கே? ஆணை கைக்கு வந்த அன்று அவர் ஒரு வரியாவது மறுப்பு எழுதிக் கொடுத்தாரா? சின்னம் அணிவித்த விழாவின் படத்தைப் பொங்கலன்று நீங்களே இங்கே பகிர்ந்தீர்கள். ஒரு தோளில் கட்டளை அதிகாரியும் மறு தோளில் அவருடைய மனைவியும் சிங்கமுகத்துக்குக் கீழே நட்சத்திரத்தைக் குத்துகிறார்கள், அவர் சிரித்த முகத்தோடு நிற்கிறார். மனமார ஏற்றுக்கொண்டதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

கெடிலக்கரையான், கடலூர்

ஐயா, சிரித்தது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நீங்கள் காட்டிய 27-ஆம் பிரிவை நானும் படித்தேன். கட்டளை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று இருக்கிறதே தவிர, ஆணை வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும், நட்சத்திரம் குத்துவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும், இல்லையேல் உரிமை போய்விடும் என்று எங்கேயும் இல்லை. இருந்தால் விதி எண்ணைச் சொல்லுங்கள். என் தம்பி விண்ணப்பித்தார். எல்லைப்புறப் பணியிலிருந்து திரும்பி, அமர்ந்து எழுத நேரம் கிடைத்தபோது விண்ணப்பித்தார். பதவியை ஏற்க மறுத்திருந்தால் அவர் இன்னும் மேஜராகவே இருந்திருப்பார். நீங்கள் இத்தனை காலம் ஜவான்களின் குறைகளை 26-ஆம் பிரிவின்கீழ் அனுப்பிக்கொண்டிருந்தவர். அதிகாரிகளின் முறையீடு எந்த வழியாகப் போகிறது என்று உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்?

பழைய தலைமை எழுத்தர், நெல்லிக்குப்பம்

என் பணியை இழித்துப் பேச வேண்டாம். அதிகாரிகளின் முறையீடுகளைத் தட்டச்சு செய்து, இணைப்புகளை வரிசைப்படுத்தி அனுப்பியதும் எங்களைப் போன்ற எழுத்தர்கள்தாம். என் கேள்வி ஒன்றே ஒன்று: ஆணை வந்த அன்று மறுப்புக் கடிதம் கொடுத்தாரா, இல்லையா?

மஞ்சக்குப்பம் வழக்குரைஞர்

இருவரும் கடிதத்தையும் நட்சத்திரத்தையும் பிடித்துக்கொண்டு சண்டையிடுகிறீர்கள்; நீதிமன்றம் கேட்கப்போவது காலத்தை. தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னதைப் படியுங்கள். அவர் 1983-இல் உடல்நலக் குறைவால் படையிலிருந்து விலக்கப்பட்டு, 1999-இல் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு நீதிமன்றம் போனவர். ஓய்வூதியம் கொடுக்காதது மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் அவருக்கு நிவாரணம் கிடைத்தது. ஆனாலும் நிலுவைத் தொகையை மூன்று ஆண்டுக்கு மேல் கொடுக்கவில்லை. பணிமூப்பு, பதவி உயர்வு போன்றவை பிறரைப் பாதிக்கும் என்பதால், அங்கே தாமதம் கோரிக்கையையே செல்லாததாக்கிவிடும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மேலும், மனுமேல் மனு கொடுத்துக் காலக்கெடுவைப் புதுப்பிக்க முடியாது என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து போன சி. ஜேக்கப் வழக்கிலும் அதே 2008-இல் உறுதிப்படுத்தினார்கள். படையினரின் பணி வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தின் 22-ஆம் பிரிவில் இறுதி ஆணையிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் தீர்ப்பாயம் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. அண்ணனுக்குக் கோபம் இருக்கும் அளவுக்குக் காரணம் இருக்கிறதா என்பதே என் ஐயம்.

கெடிலக்கரையான், கடலூர்

வழக்குரைஞரே, நீங்கள் காட்டிய தீர்ப்பே என் பக்கம் பேசுகிறது. பதவி உயர்வில் தாமதம் ஏன் ஆகாது? பிறர் பாதிக்கப்படுவார்கள் என்பதால். இங்கே யார் பாதிக்கப்படுகிறார்கள்? கர்னல் பதவிக்குத் தேர்வு வாரியம் உண்டு, இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை; ஒருவர் ஏறினால் இன்னொருவர் நிற்பார். லெப்டினன்ட் கர்னல் பதவியோ பணிக்காலத்தால் வருவது. என் தம்பியின் தேதியை இரண்டு ஆண்டு முன்னுக்கு நகர்த்தினால் எந்த அதிகாரியின் தோளிலிருந்தும் ஒரு நட்சத்திரம் கழன்று விழாது. மேஜரின் சம்பள நிலை 11. லெப்டினன்ட் கர்னலுக்கு 12ஏ, அது தொடங்குவதே 1,21,200 ரூபாயில். இடைப்பட்ட காலம் முழுதும் அவர் குறைந்த நிலையிலேயே சம்பளம் வாங்கினார், அதன்மேல் அகவிலைப்படியும் குறைந்தது. இது சம்பளக் கணக்கு. சம்பளக் கணக்கு தொடரும் தவறு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வேலை செய்யாத பதவிக்குச் சம்பளம் ஏது என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். 1991-இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கும் விடை சொல்லியிருக்கிறது. வேலை செய்ய ஆயத்தமாக இருந்தவரை, அவர்மேல் தவறில்லாதபோது, நிர்வாகமே விலக்கி வைத்திருந்தால் 'வேலையில்லையேல் சம்பளமில்லை' என்ற விதி பொருந்தாது. என் தம்பி விலகி நிற்கவில்லை, விலக்கி வைத்தார்கள்.

மஞ்சக்குப்பம் வழக்குரைஞர்

ஜானகிராமன் குடிமைப் பணியாளர்களின் வழக்கு. அதே உச்ச நீதிமன்றம் 1989-இல் பாலூரு ராமகிருஷ்ணய்யா வழக்கில், பெயரளவில் முன்தேதியிட்ட பதவி உயர்வுக்கு நிலுவைச் சம்பளம் கிடையாது என்றும் சொல்லியிருக்கிறது. வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்தால் எல்லா வழக்கிலும் எல்லோரும் வெல்லலாம்.

பழைய தலைமை எழுத்தர், நெல்லிக்குப்பம்

வழக்குரைஞர் அம்மா சொல்வது சரி. இவ்வளவு தீர்ப்புகளை அடுக்கும் நேரத்தில் மறுப்புக் கடிதத்தின் ஒரு நகலைக் காட்டியிருக்கலாம். கடிதம் இல்லை என்பதால்தான் தீர்ப்புகள் வருகின்றன.

சொல்தா பேரன், புதுச்சேரி

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். என் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது படைவீரராக, இந்தோசீனா வரை போனவர். கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் ஜூலை 14 அன்று நடக்கும் அஞ்சலிக்கு எங்கள் குடும்பம் இன்றும் போகிறது. பிரெஞ்சுப் படையில் இந்தக் குழப்பம் கிடையாது. அங்கே படைவீரர்களின் மேல்முறையீட்டுக்கென்று 2001-இல் தனி ஆணையம் அமைத்தார்கள். ஆணை கிடைத்த இரண்டு மாதத்துக்குள் அந்த ஆணையத்திடம் போக வேண்டும். போகாமல் நேரே நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக முடியாது. கெடு தெளிவாக இருப்பதால், சிரித்தாரா, அழுதாரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. நம் ஊரில் மட்டும்தான் அதிகாரியின் முகத்தைப் பார்த்து உரிமையைத் தீர்மானிக்கிறார்கள்.

பழைய தலைமை எழுத்தர், நெல்லிக்குப்பம்

நாங்கள் பேசுவது இந்திய ராணுவத்தைப் பற்றி. 1962-இல் கைமாற்றம் முடிந்தபின்னும் பிரெஞ்சுக் கொடியைப் பார்த்து நெகிழ்கிறவர்கள் எங்களுக்கு நடைமுறை சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் இரண்டு மாதக் கெடு என் வாதத்தையே வலுப்படுத்துகிறது: கேட்பவர் உடனே கேட்க வேண்டும்.

சொல்தா பேரன், புதுச்சேரி

என் தாத்தா யாருடைய கொடியின்கீழ் போரிட்டாலும் குண்டு ஒன்றுதான், காயம் ஒன்றுதான். அவருடைய சேவையை ஏளனம் செய்ய உங்களுக்கு உரிமை இல்லை. கடலூர்க்காரர்கள் புதுச்சேரியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் குத்தல் வருவதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்.

கெடிலக்கரையான், கடலூர்

தம்பி, எல்லாக் கடலூர்க்காரரையும் சேர்த்துப் பேசாதீர்கள், நானும் கடலூர்தான். ஆனால் உங்கள் இரண்டு மாதக் கெடுவும் எனக்கு ஒத்துவராது. எல்லைப்புறத்தில் இருப்பவருக்கு ஆணை கைக்கு வந்து சேர்வதற்கே வாரக்கணக்கில் ஆகும். பிறகு பழைய கோப்புகளின் நகல், தடை நீக்கிய கடிதத்தின் நகல், தோழர்களின் தேதி என்று ஒவ்வொன்றாகத் திரட்ட வேண்டும். அமெரிக்காவில் படைப் பதிவேடுகளைத் திருத்தும் வாரியத்தில் தவறு தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு கெடு. நீதிக்காகத் தேவை என்றால் அதையும் வாரியம் தளர்த்தலாம். அந்த வாரியத்தில் இருப்பவர்கள் சீருடைக்காரர்கள் அல்லர், குடிமை அதிகாரிகள். நம் பெரியவரோ ஒரு நாள் கெடு வைக்கிறார். அந்த ஒரு நாளுக்கு விதி எண்ணை மட்டும் சொல்ல மறுக்கிறார்.

திருப்பாதிரிப்புலியூர் தாய்

என் மகள் குறுகியகால ஆணையத்தில், அதாவது சில ஆண்டுகளுக்கு மட்டுமான நியமனத்தில், பணியாற்றிய அதிகாரி என்பதால் எழுதுகிறேன். பெண் அதிகாரிகளுக்கு ஓய்வு வயதுவரை நீடிக்கும் நிரந்தர ஆணையம் கொடுக்க 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை நிறைவேற்றிய விதமே பாரபட்சமாக இருக்கிறது என்று 2021-இல் நிதிஷா வழக்கில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. கர்னல் பதவித் தேர்வில், மேலதிகாரிகள் எழுதும் ரகசிய அறிக்கைகளைக் கணக்கிட்ட முறையைக் கண்டித்து 2023-இல் தேர்வு வாரியத்தை மீண்டும் கூட்டச் சொன்னது. அந்தப் பெண்கள் கொடுத்த பதவியில் இருந்தபடியேதான் போராடினார்கள். அவர்களில் யாரிடமும், அன்று சின்னத்தை ஏன் அணிந்தாய் என்று நீதிபதிகள் கேட்கவில்லை.

மஞ்சக்குப்பம் வழக்குரைஞர்

அம்மா, அந்த வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்தில் 2003-இலேயே தொடங்கியது. அவர்கள் காத்திருக்கவில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் தாய்

2003-இல் தொடங்கி 2020-இல் முடிந்ததை நீங்கள் வேகம் என்று கருதினால், உங்களிடம் வழக்கைக் கொடுப்பவர்கள் பொறுமைசாலிகளாக இருக்க வேண்டும்.

பழைய தலைமை எழுத்தர், நெல்லிக்குப்பம்

பெண் அதிகாரிகள், பிரெஞ்சுக்காரர்கள், அமெரிக்கர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கடிதம் மட்டும் வரவில்லை. எத்தனையோ அதிகாரிகள் ஆணையின் நகலிலேயே 'தேதிக்கு ஆட்சேபம் உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதியவர்களின் கோப்பு நகர்ந்தது, எழுதாதவர்களின் கோப்பு கட்டிலேயே கிடந்தது. இதை எந்த விதியும் சொல்லாது, அனுபவம் சொல்லும்.

கெடிலக்கரையான், கடலூர்

இப்போதாவது வாய் திறந்தீர்கள்: எந்த விதியும் சொல்லாது! இரண்டு நாளாக விதி என்று மிரட்டியது விதியே அல்ல, உங்கள் அலுவலகத்துப் பழக்கம். உங்களைப் போன்றவர்கள் எந்தக் கோப்பை நகர்த்துவது, எதைக் கட்டிலேயே வைப்பது என்று முடிவு செய்ததால்தான், குற்றமற்ற ஓர் அதிகாரி தம் தேதிக்காக இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

சட்டப்படியான முறையீடு மத்திய அரசுக்குப் போய்விட்டது. ஆறு மாதத்துக்குள் ஆணை வராவிட்டால், தீர்ப்பாயச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி உள்வழிகள் முடிந்ததாகக் கருதிச் சென்னை அமர்வின் கதவைத் தட்டுவோம். அங்கே தோற்றாலும் உயர் நீதிமன்றம் இருக்கிறது; தீர்ப்பாயத்துக்குமேல் உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குத் தடையில்லை என்று 2023-இல் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. என் தம்பி பணத்துக்காக அலைகிறார் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பிந்திய தேதி அவருடைய பணிப் பதிவேட்டில் இருக்கும் வரை, அதைப் புரட்டும் ஒவ்வொருவரும் இவர் ஏன் தோழர்களுக்குப் பின்னால் நின்றார் என்று கேட்பார்கள். குற்றமற்றவர் என்ற கடிதம் ஒரு கோப்பில், தேதி இன்னொரு பதிவேட்டில். கோப்பை யாரும் திறப்பதில்லை, பதிவேட்டை எல்லோரும் பார்க்கிறார்கள்.

பழைய தலைமை எழுத்தர், நெல்லிக்குப்பம்

கோப்பைக் கட்டிலேயே வைத்தவன் என்று என்னைச் சொன்னதற்கு நீங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் வரை உங்களுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. மறுப்புக் கடிதம் பற்றிய என் கருத்தில் மாற்றமும் இல்லை.

மஞ்சக்குப்பம் வழக்குரைஞர்

அண்ணா, வருத்தத்தை விடுங்கள். அனுப்பிய முறையீட்டில், தாமதத்துக்கான காரணத்தைத் தேதிவாரியாகத் தனிப் பத்தியில் எழுதினீர்களா?

கெடிலக்கரையான், கடலூர்

எழுதவில்லை. தாமதம் செய்தவர்கள் அவர்கள், காரணத்தையும் அவர்களே எழுதட்டும்.

மஞ்சக்குப்பம் வழக்குரைஞர்

அப்படியானால் நான் எழுதியது எதையும் நீங்கள் படிக்கவில்லை.