முதல் காரட் எஞ்சின் கே1: பாய்லர் மாறிய பிறகும் அது பழைய எஞ்சின்தானா?

தண்டவாளம்_மதுரை:
வணக்கம் நண்பர்களே. ஊட்டி ரயிலைப் பற்றி மகளுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு விநோதமான எஞ்சின் படம் கண்ணில் பட்டது. முன்னால் ஒரு குட்டி எஞ்சின், பின்னால் ஒரு குட்டி எஞ்சின், நடுவில் பாய்லர் பல்லக்கு மாதிரித் தொங்குகிறது. காரட் வகையாம், அதில் முதலாவது இந்த கே1. ஏன் இப்படிக் கட்டினார்கள்? ஊட்டி எஞ்சினும் இதே குடும்பமா? இன்னொன்று, 1909இல் செய்த இந்த எஞ்சினுக்குப் புது பாய்லர் போட்டுத்தான் ஓட்டினார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் அதைப் பழைய எஞ்சின் என்று சொல்லலாமா? மகள் கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

மலைப்பாதை:
முதலில் ஊட்டி விஷயம். எக்ஸ் வகுப்பு எஞ்சின் சுவிட்சர்லாந்தில் வடிவமைத்தது, மீட்டர் கேஜ், பல்சக்கரம் உண்டு, நாலு சிலிண்டர் உண்டு, ஆனால் ஒரே சட்டத்தில் அமைந்தது, நடுவில் மடங்காது. காரட் மடங்கும். வித்தியாசம் அங்கேதான்.

கே1 பிறந்த காரணம் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவின் மேற்குப் பக்கம். ஸீஹன் ஊரிலிருந்து வில்லியம்ஸ்ஃபோர்டு சுரங்கங்களுக்கு வெறும் 2 அடி அகலத்தில் ஒரு பாதை, பெயர் நார்த் ஈஸ்ட் டண்டாஸ் டிராம்வே. 25 அடி போனால் 1 அடி ஏற வேண்டும், வளைவுகளின் ஆரம் 99 அடிதான். மழைக்காடு வேறு. தாது ஏற்றிய வண்டியை இழுக்கப் பெரிய எஞ்சின் வேண்டும், ஆனால் பெரிய எஞ்சின் அந்த வளைவில் திரும்பாது. ஹெர்பர்ட் வில்லியம் காரட் என்ற பொறியாளரின் யோசனை இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. சக்கரங்களை முன்னும் பின்னும் தள்ளிவிட்டு, பாய்லரை நடுவில் தனிச் சட்டத்தில் வைத்து இரண்டு முனையிலும் சுழலும்படி மாட்டினால், வளைவில் எஞ்சினே மடங்கிக்கொடுக்கும். பாய்லருக்கு அடியில் சக்கரம் இல்லாததால் நெருப்புப்பெட்டியை அகலமாகவும் ஆழமாகவும் கட்டலாம், நீராவிக்குப் பஞ்சம் வராது. மான்செஸ்டரில் பேயர் பீக்காக் கம்பெனி 1909இல் கே1, கே2 என்று இரண்டு கட்டி அனுப்பியது.

ஒரு குறை இருந்தது. இது காம்பவுண்ட் எஞ்சின். நீராவி முதலில் பின்பக்கத்து 11 அங்குல சிலிண்டர்களில் வேலை செய்து, அங்கிருந்து முன்பக்கத்து 17 அங்குல சிலிண்டர்களுக்குப் போகும். குழாய் நீளம் குறைய வேண்டும் என்று சிலிண்டர்களை உட்பக்கமாக வைத்தார்கள், பின் ஜோடி டிரைவர் நிற்கும் இடத்துக்குக் கீழேயே வந்துவிட்டது. எதிரே நெருப்புப்பெட்டி, காலுக்கடியில் கொதிக்கிற சிலிண்டர். அந்த மனிதர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மூன்றாவது காரட் நம்ம டார்ஜிலிங்குக்கு 1911இல் வந்தது, அதில் சிலிண்டர்களை வெளிமுனைக்கு மாற்றிவிட்டார்கள். அதைக் காப்பாற்றாமல் உடைத்துவிட்டோம், எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாய்லர்_ரத்தினம்:
தம்பி, நான் 31 வருஷம் ஆலை பாய்லர்களோடு வாழ்ந்தவன், அதனால் மகளுடைய கேள்விக்கு நான் சொல்கிறேன். பாய்லர் தேயும் பொருள். நெருப்புப்பெட்டிச் சுவரைத் தாங்கும் ஸ்டே போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சுத்தியால் தட்டிப் பார்ப்போம். நல்லது மணி மாதிரி கணீரென்று கேட்கும், உள்ளே விரிசல் விட்டது சொத்தென்று செத்த சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகும் "பழையது, மாற்றாதே" என்று யாராவது சொன்னால் அவரை அந்தப் பாய்லர் பக்கத்தில் நிற்கச் சொல்வேன். ஓடிய காலத்திலேயே நீராவி எஞ்சின்களுக்குப் பாய்லர் மாற்றுவது வழக்கம். பணிமனையில் ஒரு எஞ்சினின் பாய்லரைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டுவதும் சாதாரணம்.

கே1 தப்பித்த கதையைப் பாருங்கள். 1930 வாக்கில் அந்தப் பாதை மூடப்பட்டு எஞ்சின்கள் சும்மா கிடந்தன. 1947இல் பேயர் பீக்காக்கே அதைத் திரும்ப வாங்கி, கே2-வின் பாகங்களையும் சேர்த்துச் சரிசெய்து தன் தொழிற்சாலையில் வைத்துக்கொண்டது. தான் செய்த முதல் காரட்டை உலகத்தின் மறுகோடியிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கம்பெனி அது. 1966இல் கம்பெனி மூடியபோது வேல்ஸில் உள்ள ஃபெஸ்டினியாக் ரயில்வே வாங்கியது. ஆனால் அந்தப் பாதையின் சுரங்கத்துக்கும் பாலங்களுக்கும் இந்த எஞ்சின் பெரிது, வெட்டிக் குறைத்தால்தான் ஓடும். நல்லவேளை, வெட்டவில்லை. 1976 முதல் 1995 வரை யார்க் ரயில் அருங்காட்சியகத்தில் நின்றது. பிறகு புது பாய்லர் போட்டு, 2006 முதல் அதே வேல்ஸில் உள்ள வெல்ஷ் ஹைலேண்டு பாதையில் பயணிகளை இழுத்தது, 2014இல் ஓட்டத்தை நிறுத்தினார்கள். சட்டம், சக்கரம், சிலிண்டர் எல்லாம் அந்தக் காலத்து இரும்பு. எனக்கு அது 1909 எஞ்சின்தான்.

நம்ம திருச்சி பொன்மலை ரயில் பணிமனையில் ஊட்டிக்கு முழுதும் புதிதாகவே எக்ஸ் வகுப்பு கட்டினார்கள், முதலாவது 2011இல் வந்தது. அதைப் பழைய எஞ்சின் என்று நானும் சொல்ல மாட்டேன். கே1 அப்படி இல்லை.

லிவர்பூல்_செல்வி:
ரத்தினம் ஐயா, கே1 ஓடி நான் பார்க்கவில்லை. போன கோடையில் வெல்ஷ் ஹைலேண்டில் அதன் பேத்தி மாதிரியான என்ஜிஜி16 என்ற காரட் எஞ்சின் இழுத்த ரயிலில் போனேன், தென்னாப்பிரிக்காவில் ஓடியது. பெத்கெலர்ட் பக்கம் பாதை பாம்பு மாதிரி நெளிகிறது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் முன்பக்கத் தண்ணீர்த் தொட்டி இடப்பக்கம் திரும்பிவிட்டது, பாய்லர் இன்னும் நேராக வருகிறது, பின்பக்கக் கரித்தொட்டி அதற்கும் பிறகு திரும்புகிறது. படம் பார்த்து எனக்குப் புரியாதது அந்த ஒரு வளைவில் புரிந்தது. மதுரை நண்பரே, மகளுக்கு மூன்று தீப்பெட்டியை நூலில் கட்டி வளைவில் இழுத்துக் காட்டுங்கள்.

தண்டவாளம்_மதுரை:
காட்டிவிட்டேன் அக்கா, நடுப்பெட்டி வளைவின் உள்பக்கமாக வருகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். ஐயா சொன்ன சுத்தியல் சத்தத்தையும் சொன்னேன், இப்போது வீட்டிலுள்ள பாத்திரத்தையெல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தியாவில் ஒரு காரட்டை நேரில் காட்ட முடியுமா?

மலைப்பாதை:
டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் காரட் நிற்கிறது. அகலப்பாதை எஞ்சின், கே1 அதன் பக்கத்தில் பொம்மை மாதிரி இருக்கும். வடக்கே போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள், முன் அலகும் பாய்லர் சட்டமும் சேரும் மூட்டைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.