நெட்டாலுக்குக் கப்பலேறிய முனுசாமி எந்த வருஷம் பிறந்தார்?

வேலூர்க்காரி:
நான் வேலூர்ப் பெண், கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில், பழைய நெட்டால் பகுதியின் டர்பனில் இருக்கிறேன். கணவர் வீட்டார் நாலைந்து தலைமுறையாக இங்கேதான். அவர்களிடம் மிச்சமிருக்கும் தமிழ், சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும்தான். மாமியாரின் தாத்தா முனுசாமி 1896ல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். இப்போது அவர் கல்லறைக் கல்லைப் புதுப்பிக்கிறோம். இறந்த தேதி இருக்கிறது, பிறந்த தேதிக்கான இடம் காலி. "நீதான் தமிழ் படித்தவள், கண்டுபிடி" என்று மாமியார் என் தலையில் கட்டிவிட்டார்.

கப்பல் பட்டியலில் இருப்பது இவ்வளவுதான்: வயது 22, அப்பா வெங்கடாசலம், இடது கன்னத்தில் தழும்பு, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா 'கங்கூண்டி', ஊர் 'கூப்பம்'. சாதியும் எழுதியிருக்கிறது, அது இங்கே வேண்டாம். குப்பம் என்றால் கடலோரம்தானே? வட ஆற்காட்டில் கடல் ஏது? அண்ணனை ஒரு தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பிக் கேட்டேன், சிரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கர்ணம் பேரன்:
அது கடலோரக் குப்பம் இல்லை அம்மா. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகிற ரயில் பாதையில் வருமே, அந்தக் குப்பம். கங்குந்தி ஜமீனைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் வட ஆற்காட்டுக்குத் தலைநகரே சித்தூர். 1911ல் சித்தூர் தனி ஜில்லாவானபோது குப்பமும் அதோடு போய்விட்டது, இப்போது ஆந்திரா. இன்றும் அந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. நீங்கள் வேலூர்ப் பக்கம் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பிறப்புப் பதிவை மறந்துவிடுங்கள். சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899ல்தான் வந்தது, அவர் கப்பலேறி மூன்று வருஷம் கழித்து. கிறிஸ்தவராக இருந்தால் கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டலாம், முனுசாமிக்கு அது இல்லை. ஊர் ஜமீன் ஊர் என்பதால், சர்க்காரே உழவரிடம் நேராக வரி வாங்கிய ரயத்துவாரி ஊர்களைப்போல சர்க்கார் செட்டில்மெண்ட் பதிவேட்டில் வெங்கடாசலத்தின் பட்டாவைத் தேடுகிற வழியும் அடைபட்டது.

அப்புறம், அந்த 22ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்த வயது தெரியாத ஆட்களுக்கு ஆளைப் பார்த்துப் போட்ட வயது அது. வீட்டில் பஞ்சம், வெள்ளம், அம்மை என்று ஏதாவது கதை சொல்வார்களா? கேட்டுப் பாருங்கள்.

டர்பன் தம்பி:
அக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் அவருடைய சொத்துக் கோப்பு, அதாவது இறந்தபின் அவர் சொத்துக்காகத் திறந்த கோப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இறப்பு அறிவிப்புத் தாள் இருக்கும். பிறந்த இடம், தாய் தந்தை பெயர், வயது எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. என் பாட்டனாருடைய அம்மா பெயர் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. வயதைச் சொன்னது அவர் மகன் போல, கப்பல் கணக்கோடு ஏழு வருஷம் இடித்தது!

வேலூர்க்காரி:
மாமியாரிடம் கேட்டேன். "தாதுவில் அம்மா இடுப்பில் இருந்தவர்" என்று அவருடைய அம்மா சொல்வாராம். தாது என்பது ஏதோ ஊர் என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறார். தேடச் சொன்ன ஆளே பதிலைக் கையில் வைத்திருந்தாரோ?

கர்ணம் பேரன்:
ஊர் இல்லை, தாது வருஷம்! 1876 சித்திரையில் பிறந்து 1877 பங்குனியில் முடிந்த வருஷம். பெரும் பஞ்சம், ஊர் ஊராகச் செத்தார்கள். அப்போது இடுப்பில் இருந்த பிள்ளை என்றால் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும். அதற்கு முந்தியவை பவ, யுவ வருஷங்கள். 1874க்கும் 1876க்கும் நடுவில் பிறந்திருக்க வேண்டும். 1896ல் 22ஐக் கழியுங்கள், 1874 வருகிறது. கப்பல்காரன் குத்துமதிப்பு பரவாயில்லையே.

வேலூர்க்காரி:
சரி, கல் வெட்டுகிறவரிடம் 'சுமார் 1875, குப்பம்' என்று சொல்லியாகிவிட்டது. சொத்துக் கோப்புக்கு அடுத்த வாரம் போகிறேன். கன்னத்தில் இருந்தது அம்மைத் தழும்பா, வெட்டுக் காயமா என்று மாமியார் இப்போது புதிதாக ஆரம்பித்திருக்கிறார்.