என் விளையாட்டுப் பத்தியில் என்ன குறை?

மண்டபம்_பையன்:
எல்லோருக்கும் வணக்கம். வயது 23, ஊர் மண்டபம். ஒரு சின்ன வார இதழில் நான்கு மாதமாக விளையாட்டுப் பத்தி எழுதுகிறேன். கபடி, கடற்கரை வாலிபால், பள்ளிக்கூடக் கால்பந்து என்று எது நடந்தாலும் போய்விடுவேன். போன வாரம் ஆசிரியர் கூப்பிட்டு, "தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உன் பேரை எடுத்துவிட்டால் யார் எழுதியது என்றே தெரியாது" என்றார். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நடையை மாற்ற வேண்டுமா? உவமைகள் சேர்க்கவா? கடைசியாக ஒரு கபடிப் போட்டியைப் பற்றி எழுதிய பத்தியின் முதல் வரி இது: "விறுவிறுப்பான இறுதி ஆட்டத்தில் 34-31 என்ற புள்ளிக் கணக்கில் உள்ளூர் அணி அபார வெற்றி பெற்றது."

பாம்பன்_ராசா:
மூன்று புள்ளியில் ஜெயித்தால் அது எப்படித் தம்பி அபாரம்? நானும் அந்த ஆட்டத்துக்கு வந்திருந்தேன். கடைசி ரெய்டில் பாடி வந்த எதிரணிப் பையனின் கை நடுக்கோட்டைத் தொட்டதா இல்லையா என்று அரை மணி நேரம் சண்டை நடந்ததே, நாற்காலிகூடப் பறந்ததே. உங்கள் பத்தியில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம்.

கீழக்கரை_காக்கா:
தம்பி, மதுரையில் 19 வருடம் விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். "சிங்கம் போல் சீறினார்" என்பதை வெட்டியே பாதி ஆயுள் போனது. உவமையைத் தொடவே தொடாதே.

யார் ஜெயித்தது என்று ஊருக்கு அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் தெரிந்துவிடும். உன் பத்தி வருவது நாலு நாள் கழித்து. முடிவு தெரிந்தவன்தான் உன்னைப் படிக்கிறான், அவனுக்கே அதைத் திரும்பச் சொன்னால் எப்படி? அவனுக்குத் தெரியாதது அந்த மூன்று புள்ளி எங்கே விழுந்தது என்பது. ஸ்கோர் ஷீட்டைக் கேட்டு வாங்கு. எதிரணியில் எல்லோரையும் வெளியேற்றி ஆல் அவுட் ஆக்கினால் கூடுதலாக 2 புள்ளி. களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது ரெய்டரைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள், அதற்கு மொத்தம் 2. ஆட்டம் எந்த நிமிடத்தில் திரும்பியது என்று அந்தத் தாள் சொல்லும். அப்புறம் தோற்ற அணியின் கேப்டனிடம் போ. ஜெயித்தவன் எல்லோருக்கும் நன்றி சொல்வான், தோற்றவன்தான் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவான்.

என் கதையையும் சொல்கிறேன். 25 வயதில் தொண்டிப் பக்கம் பொங்கலையொட்டி நடந்த பாய்மரப் படகுப் போட்டியைப் பற்றி எழுதினேன். "கச்சான் காற்று வாகாக வீசியதால்" என்று ஒரு வரி, அழகுக்காகப் போட்டது. மறுவாரம் டீக்கடையில் ஒரு பெரியவர், "தை மாசத்துல கச்சான் எங்கேப்பா அடிச்சது? அது வாடை" என்றார். கச்சான் தென்மேற்கிலிருந்து அடிப்பது, வாடை வடகிழக்கிலிருந்து. கடையே சிரித்தது. அடுத்த பத்தியின் முதல் வரியிலேயே என் தப்பை எழுதினேன். அதைப் படித்த அந்தப் பெரியவரே என்னைப் படகில் ஏற்றி, காற்று திரும்பும்போது மணல் மூட்டையை எந்தப் பக்கம் நகர்த்துகிறார்கள், யார் எப்போது வெளியே சாய்கிறார்கள் என்று காட்டினார். அதற்குப் பிறகுதான் என் பத்தியில் படகு ஓடியது.

இன்னொன்று. பாக் நீரிணையை நீந்திக் கடக்க யாராவது வந்தால் உடனே எல்லோரும் மிஹிர் சென் என்ற நீச்சல் வீரரை இழுப்பார்கள். 1966 ஏப்ரல், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு, 25 மணி 36 நிமிடம். சரிதான். ஆனால் நேர்க்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர்தானே, ஒரு பகலும் ஒரு இரவும் ஏன் ஆயிற்று? நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும்போது நீந்துகிற தூரம் எவ்வளவு கூடும்? இதைக் கேட்டு எழுதியவர் குறைவு. அவர் கரையேறியபோது தனுஷ்கோடியில் ஊரும் இல்லை, ரயிலும் இல்லை. 1964 டிசம்பர் புயல் அடித்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. சென்னையிலிருந்து எழுதுகிறவருக்கு அந்த மணல் ஞாபகம் வராது. உனக்கு வரணும், உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அடுத்த முறை யாராவது நீந்த வந்தால், மாலை போடுகிற இடத்தில் நிற்காதே. கூடவே வந்த படகை ஓட்டியவரிடம் பேசு.

சண்டையை ஏன் விட்டாய் என்று ராசா கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

மண்டபம்_பையன்:
காக்கா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போட்டியை நடத்தியவர் எங்கள் சித்தப்பாவின் கூட்டாளி. சாப்பாடு போட்டார், முன்வரிசையில் உட்கார வைத்தார். எழுதினால் சங்கடம் என்று விட்டுவிட்டேன்.

இன்று ஸ்கோர் ஷீட்டை வாங்கிவிட்டேன். கடைசி ரெய்டுக்கு முன்னால் 33-31. களத்தில் நம்மவர்கள் ஐந்து பேர். அந்தப் பையன் மூன்று பேரைத் தொட்டிருக்கிறான். கை கோட்டைத் தொட்டிருந்தால் 34-33, கோப்பை அவர்களுக்கு. பிடித்ததாக நடுவர் கொடுத்ததால்தான் 34-31. இதை வைத்துக்கொண்டா அபார வெற்றி என்று எழுதினேன்! நாளைக்கு அந்தப் பையனைப் பார்க்க உச்சிப்புளி போகிறேன். நடுவரும் பேசச் சம்மதித்திருக்கிறார். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கீழக்கரை_காக்கா:
அச்சுக்குப் போகும் முன்னால் சித்தப்பாவிடம் சொல்லிவிடு. படித்துத் தெரிந்துகொண்டால் கோபம் இரட்டிப்பாகும்.

பாம்பன்_ராசா:
கடைசி ரெய்டை நான் போனில் எடுத்து வைத்திருக்கிறேன் தம்பி, சாயங்காலம் பாலத்துப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். பத்துத் தடவை பார்த்துவிட்டேன். கோடு தெரியவில்லை, புழுதிதான் தெரிகிறது.