உப்பு லாரிக்கு கூலன்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

சாயல்குடி லோடு:

அண்ணன்மாருக்கு வணக்கம். வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் பக்கம் உப்பு ஏற்றுகிற பத்துச் சக்கர வண்டி, ஆறு சிலிண்டர் டீசல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சமவெளியில் ஹீட் முள் நடுவிலேயே நிற்கிறது. புளியரை எஸ் வளைவில் லோடோடு ஏறும்போது மட்டும் சிவப்பை ஒட்டிப் போய்விட்டு இறக்கத்தில் தானாக இறங்கிவிடுகிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கழுத்தில் காவி நிறத்தில் சேறு, ஓஸ் கிளிப்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. பழைய ஓனர் என்ன ஊற்றினார் என்று தெரியவில்லை, டிரைவர் வழியில் கிடைத்த போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்.

யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில். பட்டறையில் "நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது, ஆன்டிஃப்ரீஸ் எதுக்கு, பச்சைத் தண்ணி போதும்" என்கிறார்கள். ஸ்பேர் கடையில் "தண்ணியே கலக்காம அப்படியே ஊத்துங்க, கெட்டியா இருந்தாத்தான் நல்லது" என்கிறார்கள். ஒரு டப்பாவில் கூலன்ட் ஒன்றுக்குத் தண்ணீர் மூன்று, 1:3 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 1:1. எதை நம்புவது? தண்ணீர் எது?

பாம்பன் பழைய ஸ்டியரிங்:

தம்பி, 1988ல் பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்த காலத்திலிருந்து மீன் லோடு அடித்தவன் நான். கூலன்ட் டப்பாவைக் கையால் தொட்டதில்லை. ஊருணித் தண்ணிதான். வருஷத்துக்கு ஒரு தடவை ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டு அடைப்பு எடுத்தால் முடிந்தது. மேட்டில் ஹீட் ஏறினால், சூட்டைப் பார்த்துத் தண்ணியை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு, அப்புறம் முள் அசையாது.

பரமக்குடி பட்டறை:

அண்ணன் சொல்வது அந்தக் கால வண்டிக்குப் பொருந்தும். அப்போது செம்பு, பித்தளை ரேடியேட்டர், டேங்கைப் பிரித்து ராடு விடலாம், திரும்ப ஈயம் வைத்து ஒட்டலாம். இப்போது வருகிற பலதும் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும்தான், உள்ளே ராடு விட்டால் ரேடியேட்டரோடு போய்விடும். அதைவிட முக்கியமாக, ஊருணியில் நிற்பது மழைத் தண்ணீர். நம் கடற்கரைப் போர் தண்ணீரை அதோடு சேர்த்துப் பேசக் கூடாது.

தம்பிக்குச் சொல்கிறேன். கூலன்ட்டுக்குப் பெயர்தான் ஆன்டிஃப்ரீஸ், அதாவது உறையவிடாதது, நம்மூரில் அதற்கு வேலை வேறு. டப்பாவில் பெரும்பங்கு எத்திலீன் கிளைக்கால். அதோடு துருவையும் அரிப்பையும் தடுக்கிற மருந்து கொஞ்சம் கலந்திருக்கும். கிளைக்கால் கொதிநிலையைக் கூட்டும்: பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த பாத்திரத்திலேயே சுமார் 107 டிகிரி வரை கொதிக்காது. 15 பவுண்டு அழுத்தம் தாங்குகிற ரேடியேட்டர் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர் 120 டிகிரி வாக்கில் கொதிக்கும், பாதிக் கலவை 129 வரை தாங்கும். மருந்து இன்ஜின் உட்சுவரில் மெல்லிய படலமாக நின்று காக்கும். உங்களுக்கு ஆறு சிலிண்டர் டீசல், பிஸ்டன் ஓடுகிற இரும்பு உருளையான லைனரைச் சுற்றித் தண்ணீர் நேராகவே ஓடுகிற வெட் லைனர் என்றால் இந்த மருந்துதான் எல்லாமே. ஒவ்வொரு வெடிப்பிலும் லைனர் அதிர்கிறது, அந்த அதிர்வில் அதன் வெளிச்சுவரில் சின்னச் சின்ன நீராவிக் குமிழ் பிறந்து உடனே உடைகிறது, உடைகிற இடத்தில் இரும்பு ஊசி குத்தியதுபோல் பொத்துக்கொண்டே வந்து ஒரு நாள் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் ஓடிய லைனரை வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், ஒரு பக்கம் மட்டும் வரிசையாகக் குழி குழியாக இருக்கும்.

அதனால் டப்பா வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பின்பக்கம் படியுங்கள். ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 போட்டிருப்பது பொதுவான தரம். கனரக டீசலுக்கென்றே உள்ளது ஏ.எஸ்.டி.எம். டி 6210. வண்டிக் கையேட்டில் எது சொல்லியிருக்கிறதோ அதுதான் கடைசிச் சொல்.

கடைக்காரர் சொன்ன 'கலக்காமல் ஊத்து' சுத்தத் தப்பு. தண்ணீர்தான் சூட்டைச் சுமக்கிற ஆள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும், பாதிக் கலவைக்கு 3.5 வாக்கில்தான். கிளைக்கால் கூடக்கூட சூடு சுமப்பது குறையும், திரவமும் கெட்டிப்படும். இன்னொரு வேடிக்கை, கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும், பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. ஆக எந்தக் கணக்கிலும் தனியாக ஊற்றக் கூடாது. 60 சதவீதத்தைத் தாண்டவே வேண்டாம். கீழே போனாலும் 30க்குக் கீழே மருந்து நீர்த்துப் போய்ப் படலம் நிற்காது. நம் பக்கத்துக்கு 40 முதல் 50 போதும். நான் மலை ஏறாத வண்டிக்கு 40 வைப்பேன், உங்கள் ரூட்டுக்கு 50. 1:3 என்று போட்டிருப்பது அந்தக் கம்பெனி தன் மருந்தை அந்த அளவுக்கு அடர்த்தியாகப் போட்டிருந்தால்தான் சரி, அந்தக் கணக்கை இன்னொரு டப்பாவுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தண்ணீர் ஏற்கனவே கலந்து வருகிற ரெடி மிக்ஸ் என்று எழுதியிருந்தால் அதில் ஒரு சொட்டுக்கூடத் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

கீழக்கரை டீசல்:

பட்டறைக்காரர் தண்ணீரை விட்டுவிட்டார், நான் சொல்கிறேன். பெரிய இன்ஜின் கம்பெனிகள் கூலன்ட்டில் கலக்கிற தண்ணீருக்கு வைத்திருக்கிற வரம்பு லிட்டருக்குக் குளோரைடு 40 மில்லிகிராம், மொத்தக் கரைந்த உப்பு 340. இந்தக் கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். பேனாவை வாங்கி உங்கள் ஊர்ப் போரில் விட்டுப் பாருங்கள், ஆயிரத்தைத் தாண்டி நிற்கும், கடலை ஒட்டிய இடத்தில் இன்னும் மேலே. குளோரைடு அலுமினியத்தைத் தின்னும், சுண்ணாம்பு சிலிண்டர் ஹெட்டில் தோலாகப் படியும். உங்கள் கிளிப்பில் பூத்த வெள்ளை அந்த உப்புத்தான். வெளியே கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே எவ்வளவோ. கொதிக்க வைத்து ஆற்றினால் உப்பு போகாது பாய், தண்ணீர்தான் குறையும்.

பேட்டரிக்கு ஊற்றுகிற டி.எம். வாட்டர், அதாவது உப்பு நீக்கிய தண்ணீர், ஐந்து லிட்டர் கேனில் எங்கும் கிடைக்கிறது, அதுதான் சரி. கடையில் 'பேட்டரி தண்ணி' என்று கேட்டால் சில பையன்கள் ஆசிட் கேனை எடுத்து நீட்டுவார்கள், லேபிளைப் படித்து வாங்கவும்.

சாயல்குடி லோடு:

ரொம்ப நன்றி அண்ணே. வெட் லைனர்தான். ஒரு சந்தேகம். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 26 லிட்டர் என்று இருக்கிறது. ரேடியேட்டர் குழாயைத் திறந்துவிட்டுப் பிடித்துப் பார்த்தேன், 16தான் வந்தது. கடையில் 1:1 ரெடி மிக்ஸ் 20 லிட்டர் கேன் ஒன்று போதும் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

பரமக்குடி பட்டறை:

வாங்காதீர்கள், எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான். மீதி 10 லிட்டர் இன்ஜின் பிளாக்குக்குள்ளேயே நிற்கிறது. 16 லிட்டர் ரெடி மிக்ஸ் ஊற்றினால் அதில் கிளைக்கால் 8 லிட்டர், 26க்கு 8 என்றால் 31 சதவீதம். நீங்கள் 50 என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவீர்கள், அதுவும் அந்தப் பத்து லிட்டர் போர் தண்ணீரோடு. தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் வாங்குங்கள். 26ல் பாதி 13 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மிச்ச 3 லிட்டருக்கு டி.எம். வாட்டர் விட்டால் சரியாக 50. நாற்பதுதான் வேண்டும் என்றால் 10.4 கான்சென்ட்ரேட், 5.6 தண்ணீர்.

ஆனால் அதற்கு முன்னால் உப்பை வெளியே எடுக்க வேண்டும். இன்ஜின் பிளாக்கிலேயே ஒரு டிரெயின் பிளக் இருக்கும், திறக்க முடிந்தால் பாதி வேலை மிச்சம். முடியாவிட்டால் நல்ல தண்ணீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் தானாகத் திறந்து கீழ் ஓஸ் சூடாகும் வரை ஓடவிட்டு, ஆறியபின் இறக்குங்கள். ஒவ்வொரு தடவையும் 26ல் 10 பங்கு பழையது உள்ளே நிற்கும், அதாவது முதல் கழுவலில் பழைய உப்பில் 38 சதவீதம் மிஞ்சும், இரண்டாவதில் 15, மூன்றாவதில் 6க்கும் கீழே. முதல் இரண்டுக்கு ஆர்.ஓ. கேன் தண்ணீர் போதும், கடைசிக்கு டி.எம். சேறு நிறைய இருந்தால் முதலில் ரேடியேட்டர் கிளீனர் விட வேண்டிவரும், அதை டப்பாவில் சொன்ன நேரத்துக்கு மேல் உள்ளே வைக்காதீர்கள். மூடியை ஆறிய பிறகுதான் திறப்பது, இதை லாரிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, கிளீனர் பையனுக்குச் சொல்லிவையுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றவே கூடாது. கழற்றினால் சமவெளியில் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராது, டீசல் கூடுதலாகக் குடிக்கும், லைனர் தேயும். சில இன்ஜினில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி, மேட்டில் இன்னும் சூடாகும். சந்தேகம் இருந்தால் கழற்றி வெந்நீரில் போட்டு, அதன் மேல் குறித்திருக்கிற டிகிரியில் திறக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, கூலன்ட் மாற்றிய அன்றே மேட்டில் முள் இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளே படிந்த சுண்ணாம்பும் வெளியே அடைத்த ரேடியேட்டர் இதழும்தான் உங்களுக்கு முதல் சந்தேகம். உப்பு லோடு வண்டி, தூசியெல்லாம் ஈரத்தோடு இதழில் ஒட்டியிருக்கும். ஃபேன் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி நல்ல தண்ணீரை மெதுவாக அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் இதழ் படுத்துவிடும். ஃபேன் பெல்ட், மூடியின் ரப்பர் இரண்டையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

பாம்பன் பழைய ஸ்டியரிங்:

சரிப்பா, நான் ஓட்டியது பித்தளை ரேடியேட்டர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுரோட்டில் தண்ணி குறைந்தால் டி.எம். வாட்டருக்கு எங்கே போவான்? ஆப்பனூர் காட்டில் பெட்டிக்கடைகூட இல்லை.

கீழக்கரை டீசல்:

கலந்து வைத்த கேன் ஒன்றை கேபினில் போட்டுவைக்க வேண்டியதுதான் அண்ணே. அதுவும் தீர்ந்தால் கடையில் விற்கிற குடிதண்ணீர் பாட்டில், போர் தண்ணீரைவிட ஆயிரம் மடங்கு தேவலை. ஊர் வந்ததும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, குறைந்த அளவுக்குக் கான்சென்ட்ரேட் சேர்த்துவிடலாம். அந்தக் கருவி உறைநிலையைத்தான் காட்டும். மைனஸ் 37 என்று காட்டினால் 50, மைனஸ் 24 என்றால் 40 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்டி கிளீனர்:

இறக்கிய பழைய கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் ஆடும் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். பட்டறையில் பழைய ஆயில் எடுக்க வருகிறவரிடம் தனிக் கேனில் கொடுத்து எடுப்பாரா என்று கேளுங்கள், ஆயிலோடு கலந்தால் இரண்டையும் எடுக்க மாட்டார்.

சாயல்குடி லோடு:

வெள்ளிக்கிழமை லோடு இல்லை, அன்றைக்குப் பரமக்குடிக்கே வண்டியைக் கொண்டுவரலாமா அண்ணே? கான்சென்ட்ரேட் 13 லிட்டரும் டி.எம். வாட்டரும் நானே வாங்கி வந்துவிடுகிறேன்.

பரமக்குடி பட்டறை:

வாருங்கள். காலையிலேயே வந்தால் இன்ஜின் ஆறக் காத்திருக்க நேரம் இருக்கும். டி.எம். வாட்டர் 20 லிட்டராக வாங்குங்கள், கடைசிக் கழுவலுக்கும் வேண்டும்.