கிராபிக்ஸ் கார்டு: பழுது பார்ப்பதா, புதுசு வாங்குவதா?

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 2017-ல் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு மக்கர் செய்கிறது. ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். மணப்பெண் முகத்தின் மேலேயே கோடு கோடாக விழுகிறது, அப்புறம் அப்படியே நின்றுவிடும். தூசி தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மாற்றி, டிரைவரையும் புதிதாகப் போட்டாச்சு. நண்பரின் கார்டைப் போட்டால் ஒரு குறையும் இல்லை.

தஞ்சாவூர்க் கடையில் சிப்பைச் சூடாக்கிச் சரிசெய்கிறோம் என்கிறார்கள். அது எத்தனை நாள் தாங்கும்? பழைய 1060 ஒன்றையே வாங்கலாமா, ஆர்டிஎக்ஸ் 4060-க்கு மாறலாமா? 1060-க்கு 120 வாட்ஸ், 4060-க்கு 115 வாட்ஸ்தான். ஆனால் என் பவர் சப்ளை 450 வாட்ஸ், அதில் கார்டுக்கு மின்சாரம் தர 6 பின் இணைப்பு மட்டுமே. அதையும் மாற்ற வேண்டுமா? தை முகூர்த்தத்துக்கு நான்கு வேலை கையில் இருக்கிறது, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.