தலசீமியா உள்ள மகளுக்கு மாலையில் பார்வை மங்குகிறது: இரும்பு காரணமா, இரும்பை நீக்கும் மருந்து காரணமா?

கேள்வி (ஒரு தாய்):
வணக்கம். என் 14 வயது மகளுக்கு பீட்டா தலசீமியா மேஜர் (உடலால் போதிய ஹீமோகுளோபினை உருவாக்க முடியாத பிறவி ரத்தநோய்). மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். அதனால் சேரும் இரும்பை நீக்க, கிலோவுக்கு 40 மில்லிகிராம் வீதம் வாரத்தில் 5 இரவுகள் டெஸ்ஃபெரியாக்சமின் மருந்தைப் பம்ப் வழியாகத் தோலுக்கடியில் செலுத்துகிறோம். சென்ற ஆண்டு 2400 இருந்த ஃபெரிட்டின் (உடலிலுள்ள இரும்பின் இருப்பைக் காட்டும் ரத்த அளவீடு) இப்போது 900க்கு இறங்கியிருக்கிறது. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இரண்டு மாதங்களாக, விளக்கு வைக்கும் நேரத்தில் மாடிப்படி தெரியவில்லை என்கிறாள். கருநீலத்தைக் கறுப்பு என்கிறாள். கண்ணாடிக் கடையில் சோதித்தபோது பார்வை 6/6 என்றார்கள். இரும்பு கண்ணில் படிந்துவிட்டதா?

பதில் (விழித்திரை மருத்துவர்):
அம்மா, நீங்கள் கொடுத்த எண்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் மருந்தின் மீதுதான் ஐயம் எழுகிறது. விழித்திரையில் இரும்பு மிகுந்தால் ஆக்சிஜன் வினைகளால் செல்கள் சிதையும் என்பது உண்மையே. செல்களிலிருந்து இரும்பு வெளியேற உதவும் செருலோபிளாஸ்மின் புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு விழித்திரை பழுதடைவதை அதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஆனால் உடலில் இரும்பு குறைந்த பிறகும் மருந்தின் அளவு குறையாமல் தொடர்ந்தால், அம்மருந்தே விழித்திரையையும் அதன் அடியிலுள்ள நிறமிப் படலத்தையும் தாக்கக்கூடும். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கிலோவுக்கு 40 வீதம் 5 இரவுகள் என்றால் வாரத்துக்கு 200 மில்லிகிராம், அதை 7ஆல் வகுத்தால் நாளொன்றுக்குச் சராசரி 28.6, அதை ஃபெரிட்டின் 900ஆல் வகுத்தால் 0.032 வருகிறது. இது 0.025க்குள் இருக்க வேண்டும். ஃபெரிட்டின் 2400 இருந்தபோது இதே கணக்கில் வந்தது 0.012தான், அன்று பொருத்தமாக இருந்த மருந்தளவு இன்று மிகையாகிவிட்டது.

6/6 என்பது வெளிச்சத்தில் எழுத்துகளைப் படிக்கும் கூர்மையை மட்டுமே காட்டும், அதைக் கொண்டு நிம்மதி அடைய வேண்டாம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பார்ப்பதோடு, நிறப்பார்வை, காட்சிப்புலம் (பக்கவாட்டில் தெரியும் பரப்பு), ஓ.சி.டி. (விழித்திரை அடுக்குகளின் படம்), இ.ஆர்.ஜி. (ஒளிக்கு விழித்திரை தரும் மின் துலங்கல்) சோதனைகளும் வேண்டும். வைட்டமின் ஏ குறைவும் மாலைக்கண்ணைத் தரும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் (தலசீமியா உள்ள மகனின் தந்தை):
சகோதரி, அச்சத்தில் நீங்களாகவே பம்பை நிறுத்திவிட வேண்டாம். இரும்பு இதயத்தில் சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்து. இன்றே ரத்தநோய் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, இந்தக் கணக்கையும் அறிகுறிகளையும் சொல்லி, அவர் முடிவின்படி செய்யுங்கள். செவியையும் சோதிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் இதே மருந்து கேட்கும் திறனையும் பாதிக்கக்கூடும். என் மகனுக்கு ஆண்டுதோறும் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மாத்திரைக்கு மாறினால் கண்ணுக்குப் பாதுகாப்பா?

பதில் (விழித்திரை மருத்துவர்):
முழுப் பாதுகாப்பு என்று சொல்ல இயலாது. இரும்பை நீக்கும் மாத்திரைகளில் ஒன்றான டெஃபெராசிராக்ஸ் எடுப்பவர்களுக்கும் கண் வில்லையில் மங்கல் வரக்கூடும் என்பதால் ஆண்டுச் சோதனை தேவை. மற்றொன்றான டெஃபெரிப்ரோன் வெள்ளையணுக்களைக் கடுமையாகக் குறைத்துவிடக்கூடும். அதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். எதற்கு மாறினாலும், இப்போதைய விழித்திரை நிலையைப் படங்களுடன் பதிவு செய்துகொண்டு மாறுங்கள். மருந்தால் வந்த பாதிப்பு சீக்கிரம் கண்டறியப்பட்டால் பலருக்குப் பார்வை ஓரளவேனும் மீள்கிறது. எனவே இந்த வாரத்திலேயே காட்டுங்கள்.