புதிய பயிற்சியாளருக்குக் கிடைத்த அணி: உள்ளே இருக்கும் திறமையை எப்படி எடைபோடுவது?

வடக்குமாடம் கேட்கிறார்:

நான் ஆதரிக்கும் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணி கடந்த பருவத்தில் 4 வெற்றி, 8 தோல்வி. நவம்பர் முடிவதற்குள் பயிற்சியாளரை நீக்கிவிட்டு, சிறிய கான்ஃபரன்ஸ் (தமக்குள் மோதும் கல்லூரிகளின் குழு) ஒன்றில் தொடர்ந்து வென்று வந்தவரை அமர்த்தியிருக்கிறார்கள். அன்று தொடங்கிய சண்டை ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. முந்தையவர் ஆளெடுப்புத் தரவரிசையில் (சிறந்த பள்ளி வீரர்களைச் சேர்ப்பதில் கல்லூரிகளின் வரிசை) ஆண்டுதோறும் நல்ல இடத்தில் இருந்தார், ஆகவே திறமைக்குக் குறைவில்லை, வழிநடத்தத்தான் ஆளில்லை என்கிறது ஒரு தரப்பு. எட்டுமுறை தோற்ற அணியில் காப்பாற்றி வைக்க என்ன இருக்கிறது, எல்லாரையும் அனுப்பிவிட்டு டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) புது ஆட்களை எடுக்கட்டும் என்கிறது இன்னொரு தரப்பு.

புதியவரைச் செப்டம்பரில் நியாயமாக மதிப்பிட விரும்புகிறேன். அதற்கு முதலில் அவர் கைக்கு என்ன வந்தது என்று தெரிய வேண்டும். எதைப் பார்ப்பது?

லைன்மேன்73:

வெற்றி தோல்விக் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். அணிக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்வதே இல்லை.

ஆபர்ன் பல்கலைக்கழகம் 2012-இல் 3-9, அதாவது 3 வெற்றி, 9 தோல்வி. அதன் கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.யில் ஒரு வெற்றிகூட இல்லை. மறு ஆண்டு கஸ் மால்சான் பயிற்சியாளராக வந்தார். 12-2 என்று முடித்து, தேசிய இறுதி ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 34-31 என்ற கணக்கில் மயிரிழையில் தோற்றார். அந்த அணியின் தூண்களான லெஃப்ட் டேக்கிள் (தாக்கும் வரிசையின் இடது ஓரத்தில் நின்று காப்பவர்) கிரெக் ராபின்சன், ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) டிரே மேசன், டிஃபென்சிவ் எண்ட் (தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) டீ ஃபோர்டு மூவருமே 3-9 அணியில் இருந்தவர்கள். ராபின்சன் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் 2014 டிராஃப்டில் (புது வீரர் தேர்வில்) இரண்டாவதாகத் தேர்வானார். மால்சான் வெளியிலிருந்து கொண்டுவந்த முக்கியமான ஆள், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல். அவர் ஜூனியர் காலேஜிலிருந்து (ஈராண்டுக் கல்லூரி) வந்தவர்.

வாஷிங்டன் கதையும் இதேதான். 2021-இல் 4-8, உங்கள் அணியின் அதே கணக்கு. ரோம் ஒடன்ஸே, ஜேலன் மெக்மில்லன், ஜாலின் போல்க், டிராய் ஃபவுடானு எல்லாரும் அப்போதே அங்கே இருந்தார்கள். கேலன் டெபோர் பயிற்சியாளராக வந்து, தமக்கு இந்தியானாவில் பழக்கமான குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸை அழைத்துக்கொண்டார். 2022-இல் 11-2, அடுத்த ஆண்டு 14-1. இந்த இரண்டு அணிகளிலும் பந்தைச் சரியாகக் கொண்டுசேர்க்க ஒருவர் இல்லை என்பதுதான் பெருங்குறை. குவார்ட்டர்பேக் ஒருவரை ஒரே குளிர்காலத்தில் வரவழைத்துவிடலாம். மற்ற எல்லா இடங்களுக்கும் இப்படிச் சொல்ல முடியாது.

அடுத்து, ஆளெடுப்புத் தரவரிசை. நான்கு, ஐந்து ஸ்டார் வீரர்கள் (பள்ளியிலேயே உயர் மதிப்பீடு பெற்றவர்கள்) எத்தனை சதவீதம் என்ற கணக்கு பயனுள்ளது; தேசியப் பட்டம் வென்ற அணிகளில் பெரும்பாலானவை பாதிக்கு மேல் அப்படிப்பட்டவர்களைச் சேர்த்தவைதான். ஆனால் அந்தக் கணக்கு கையெழுத்திட்ட நாளுக்கு உரியது. அதற்குப் பிறகு யார் போர்ட்டல் வழியாகப் போனார், யார் முழங்கால் காயத்தோடு இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார் என்பதெல்லாம் அதில் வராது. பயிற்சியாளர் மாறும்போது வீரர்கள் வெளியேறத் தனி அவகாசமும் உண்டு. போனவர்களை அடித்துவிட்டு, மூன்றாம் நான்காம் ஆண்டில் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று இன்றைய வீரர் பட்டியலில் எண்ணுங்கள். நான்கு ஸ்டார் வீரர் முப்பது பேரைச் சேர்த்து, அவர்களில் எட்டுப் பேர்தான் மிச்சம் என்றால், புதியவருக்குக் கிடைத்தது எட்டுப் பேர்தான்.

அந்தப் பட்டியலிலும் நான் முதலில் பார்ப்பது ஆஃபென்சிவ் லைன், அதாவது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கும் ஐந்து பேர். பதினெட்டு வயதில் ஒரு வைடு ரிசீவர் (பாஸைப் பிடிப்பவன்) வந்த ஆண்டே ஆடிவிடுவான். லைன்மேன் அப்படியில்லை. எடை ஏற வேண்டும், அந்த எடையோடு கால் நகர வேண்டும், பக்கத்தில் நிற்பவனோடு ஒரே மூச்சில் நகரப் பழக வேண்டும். ரெட்ஷர்ட் ஆண்டையும் (பெரும்பாலும் ஆடாமல் பயிற்சி பெறும் ஆண்டு) சேர்த்து இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். போர்ட்டலில் நல்ல டேக்கிள் கிடைப்பதும் அரிது. எனவே, மூன்றாம் நான்காம் ஆண்டு லைன்மேன்கள் உங்களிடம் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் முழுப் பருவம் ஆடியவர்கள் என்று பாருங்கள். கொலராடோவை எண்ணிப் பாருங்கள். 1-11 என்றிருந்த அணியைக் கிட்டத்தட்ட முழுவதுமாகக் கலைத்துவிட்டு, டீயான் சாண்டர்ஸ் 2023-இல் தம் மகன் ஷெடூரையும் டிராவிஸ் ஹன்டரையும் கொண்டுவந்தார். முதல் மூன்று ஆட்டங்களும் வெற்றி, நாடே பேசியது. பிறகு 4-8 என்று முடிந்தது. அந்தப் பருவத்தில் ஷெடூர் 52 முறை சேக் செய்யப்பட்டார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். எவ்வளவு திறமையான குவார்ட்டர்பேக் என்றாலும் முன்னால் நிற்க ஐந்து பேர் வேண்டாமா?

கடைசிடவுன்:

இந்தக் கணக்கெல்லாம் பழைய காலத்துக்குச் சரி. இந்தியானாவைப் பாருங்கள். 2023-இல் 3-9. கர்ட் சிக்னெட்டி வந்தார், ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 வீரர்களைக் கையோடு கூட்டிவந்தார், குவார்ட்டர்பேக் கர்டிஸ் ரோர்க்கை ஒஹையோ பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்தார். 2024-இல் 11-2, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப். அங்கே கைக்கு வந்த திறமை என்று எதைச் சொல்வீர்கள்? தேவையானதை வெளியே எடுத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு முன்னிருந்தவர் விட்டுச்சென்றது எதற்கு? வடக்குமாடம் அவர்களின் புதிய பயிற்சியாளரும் சிறிய கான்ஃபரன்ஸிலிருந்து வருபவர்தானே!

லைன்மேன்73:

சிக்னெட்டி செய்தது பெரிய சாதனை, மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த 2024 அணியில் லெஃப்ட் டேக்கிள் யார்? கார்ட்டர் ஸ்மித். லைனின் நடுவில் நிற்கும் சென்டர் யார்? மைக் கேடிக். இருவரும் சிக்னெட்டி வருவதற்கு முன்பே இந்தியானாவில் இருந்தவர்கள். தடுப்புக்கு லைன்பேக்கரையும் கார்னர்பேக்கையும், பாஸ் பிடிக்க ரிசீவரையும் அவர் கூட்டிவந்தார். லைனின் நடுவையும் குவார்ட்டர்பேக்கின் முதுகையும் காப்பதற்கு அங்கேயே இருந்தவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார். யாரை இழக்கக் கூடாது என்று வந்தவுடன் கண்டுகொண்டதும் அவருடைய திறமைதான்.

பழையநீலம்:

இந்த உரையாடலில் மிச்சிகன் வராமல் இருக்க முடியாது. 2008-இல் ரிச் ராட்ரிகஸ் பயிற்சியாளராக வந்தபோது, முந்தைய அணியின் முக்கிய வீரர்களான சாட் ஹென்னி, மைக் ஹார்ட், ஜேக் லாங், மாரியோ மேனிங்ஹாம் எல்லாரும் போய்விட்டார்கள். அடுத்த குவார்ட்டர்பேக் என்று நம்பியிருந்த ரயன் மேலட் ஆர்கன்சாவுக்கு மாறினார். நின்ற இடத்திலிருந்து பாஸ் எறியும் அணியை வைத்துக்கொண்டு, ஆட்களை அகலமாகப் பரப்பி ஆடும் ஸ்பிரெட் ஆட்டம் ஆடச் சொன்னார் ராட்ரிகஸ். 3-9. அந்த ஆண்டை வைத்து அவரை எடைபோட்டது அநியாயம் என்று இன்றும் சொல்வேன். மூன்றாம் ஆண்டில் தாக்குதல் மலர்ந்தது, தடுப்பு அப்படியே சரிந்து கிடந்தது. அதற்கு முந்தையவரைக் கைகாட்ட முடியாது.

இதன் மறுபக்கத்தை யாரும் பேசுவதில்லை. 2011-இல் பிரேடி ஹோக் வந்த முதல் ஆண்டே 11-2, பருவ முடிவில் நடக்கும் பெரிய ஆட்டமான சுகர் பௌலில் வெற்றி. ஆடியவர்களில் பெரும்பாலோர் ராட்ரிகஸ் காலத்து வீரர்கள், குவார்ட்டர்பேக் டெனார்ட் ராபின்சன் உட்பட. அதன் பிறகு 8-5, 7-6, 5-7. தாம் சேர்த்தவர்கள் ஆட வேண்டிய வயது வந்தபோது அணி இறங்கிக்கொண்டே போனது. முதல் ஆண்டுத் தோல்விக்கு முந்தையவரைக் காரணம் சொல்கிறோம் என்றால், முதல் ஆண்டு வெற்றியிலும் அவருக்கு ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க ரசிகர்களுக்கு மனம் வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

வடக்குமாடம்:

எல்லாருக்கும் நன்றி. உட்கார்ந்து எண்ணினேன். முழுப் பருவம் ஆடிய லைன்மேன்கள் மூவர் திரும்புகிறார்கள். அவர்களில் இருவர் டேக்கிள். குவார்ட்டர்பேக் போர்ட்டலுக்குப் போய்விட்டார். தடுப்பில் கார்னர்பேக்குகள் நன்று. ஆனால் தடுப்பின் நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள்களில் அனுபவசாலிகள் இருவருமே முடித்துப் போய்விட்டார்கள். எட்டுத் தோல்விகளில் ஐந்து, ஏழு புள்ளிகளுக்குள். இன்னொன்றும் உண்டு: முந்தையவர் ஆட்டம் பெரும்பாலும் ஓட்டத்தை நம்பியது, புதியவர் பாஸ் ஆட்டக்காரர்.

லைன்மேன்73:

அந்தக் கடைசி வரியைக் கவனமாகப் பாருங்கள். ஜார்ஜியா டெக்கில் பால் ஜான்சன் 11 பருவங்கள், ஓட்டத்தையே பெரிதும் நம்பும் ஆப்ஷன் ஆட்டம் ஆடினார். அதற்கேற்ற வீரர்களையே சேர்த்திருந்தார். அந்த முறையில் டைட் எண்டுக்கு (லைனின் ஓரத்தில் நின்று காக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) வேலையே கிடையாது. 2018-இல் அந்த அணி 7-6. 2019-இல் ஜெஃப் காலின்ஸ் வந்து ஆட்டத்தையே மாற்றினார். 3-9, கீழ்ப்பிரிவில் ஆடும் தி சிட்டடெல் அணியிடம்கூடத் தோல்வி. வீரர்கள் ஓராண்டில் திறமையற்றவர்களாகிவிடவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட வேலை வேறு. உங்கள் ஆஃபென்சிவ் டேக்கிள்கள் ஓட்டத்துக்கு வழி வெட்டப் பழகியவர்கள். பின்னால் நகர்ந்து காப்பது வேறு வித்தை. வசந்தகாலப் பயிற்சியில் அவர்களை அதே இடத்தில் வைக்கிறாரா, உள்ளே, சென்டருக்குப் பக்கத்தில், கார்டாக நகர்த்துகிறாரா என்று பாருங்கள்.

ஐந்து நெருங்கிய தோல்விகள் நல்ல அறிகுறி. 2021-இல் நெப்ராஸ்கா 3-9. ஒன்பது தோல்விகளும் பத்துப் புள்ளிக்குக் குறைவான இடைவெளியில்தான். அப்படித் தோற்கும் அணிக்குள் ஆள் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டும் அதே பயிற்சியாளரே தொடர்ந்தார், பருவத்தின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டார். ஆகவே தானாகத் திரும்பிவிடும் என்று நம்பி உட்காராதீர்கள்.

என் கணிப்பைக் கேட்டால், உங்கள் அணியைக் காலியான வீடு என்று சொல்ல மாட்டேன். போர்ட்டலில் ஒரு குவார்ட்டர்பேக்கும் உள்ளே நிற்க இரண்டு பெரிய டிஃபென்சிவ் டேக்கிள்களும் கிடைத்தால் ஆறு வெற்றி எதிர்பார்க்கலாம். அந்த டிஃபென்சிவ் டேக்கிள்கள் கிடைக்காவிட்டால் எதிரணிகள் நடுவிலேயே ஓடித் தள்ளும். அதற்குப் புதியவரை முதல் ஆண்டில் திட்ட மாட்டேன், இரண்டாம் ஆண்டில் திட்டுவேன்.

பழையநீலம்:

ஆறு என்பது கொஞ்சம் தாராளம். குவார்ட்டர்பேக் யார் என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள் வடக்குமாடம், மறுபடி கணக்குப் போடலாம்.